பள்ளிக்குப் பூட்டு!

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் எந்த நாட்டிலும் எழும் பேச்சு ஒன்று உண்டு. "அந்தப் பள்ளியிலே தேறியவர் தொகை குறைவு, அங்கே படிக்கும் பிள்ளைகள் அப்படி, அவர்கள் வந்த குடி அப்படி, அவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்று பேசுவர். பேசுவோர் கையிலே மதிப்பெண் பட்டியல் இருக்கும். கணக்குப் பொய் சொல்லுமா என்று கேட்பர். கணக்குப் பொய் சொல்லாதுதான். ஆனால், அந்தப் பிள்ளைகள் படித்த பள்ளியின் கூரை ஒழுகிற்றா, பள்ளி என்று ஒன்று இருந்ததா, இருந்த பள்ளிக்குப் பூட்டுப் போட்டவர் எவர் என்று கேட்டறிந்த பிறகு கணக்கைப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

பூட்டு என்றதும் உவமை கூறுகிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையான பூட்டைத்தான் கூறுகிறேன். உலகத்துச் செல்வமெல்லாம் வந்து குவிகிற அமெரிக்க நாட்டிலே, 1959ஆம் ஆண்டு முதல் 1964ஆம் ஆண்டு வரை, ஒரு வட்டாரத்துப் பொதுப் பள்ளிகள் அத்தனையும் பூட்டிக் கிடந்தன. பஞ்சத்தால் அல்ல, போரால் அல்ல, கொள்ளை நோயாலும் அல்ல. கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்வதைக் காட்டிலும், பள்ளியே இல்லாமற் போவது மேல் என்று அந்த வட்டாரத்தை ஆண்டவர் முடிவு செய்தனர். அதனால் பூட்டினர்.

அந்த வட்டாரம் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள பிரின்ஸ் எட்வர்ட் கவுண்ட்டி. கவுண்ட்டி என்றால் நம் பக்கத்து வட்டம் போன்ற ஆட்சிப் பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். அதன் தலைநகர் ஃபார்ம்வில் என்னும் சிற்றூர். புகையிலை விளையும் பூமி. அந்நாளில் ஏறத்தாழ 15,000 மக்கள். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர் கறுப்பர்.

வர்ஜீனியா என்றால் வரலாறு கற்றோர் நிமிர்ந்து உட்காருவர். வாஷிங்டன் பிறந்த மண், ஜெபர்சன் பிறந்த மண்! மாந்தர் யாவரும் சமம் என்று 1776இல் உலகறிய எழுதிய கை, வர்ஜீனியக் கை. அதே ஜெபர்சன் 1779இல், பிள்ளைகளுக்கு மூன்றாண்டுக் கல்வியைக் கட்டணமின்றித் தரவேண்டும் என்று சட்ட முன்வரைவு ஒன்றும் தீட்டினார். ஆண்பால் பெண்பால் இருவருக்கும் கல்வி என்றார். அக்காலத்துக்கு அது பெரிய சொல். ஆனால் 'அடிமையல்லாத' பிள்ளைகளுக்கு என்று ஓர் அடைமொழியைச் சேர்த்துக்கொண்டார். அவருடைய தோட்டத்தில் பாடுபட்டவர்களின் பிள்ளைகள் அந்த அடைமொழிக்கு வெளியே நின்றனர். அந்த முன்வரைவும் அப்படியே நிறைவேறவில்லை என்பது வேறு கதை.

வெளியே நின்றவர்கள் தாமாக உள்ளே வந்துவிடக் கூடாதல்லவா? 1831இல் வர்ஜீனியாவில் சட்டம் பிறந்தது. கறுப்பர் எழுதப் படிக்கக் கற்பதற்காகக் கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். எழுத்தைக் கண்டு அஞ்சிய ஆதிக்கம் அது. இத்தகைய சட்டத்தின் சாயலை நம்மவர் அறியாதவர் அல்லர், விரிக்க வேண்டுவதில்லை.

உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்னாட்டுப் படை தோற்றது. 1865 ஏப்ரலில் அந்தப் படையின் தளபதி இராபர்ட் லீ பின்வாங்கி ஓடிய வழி, இந்த ஃபார்ம்வில் ஊர் வழியேதான். அடுத்த வட்டாரமான அப்பொமாட்டாக்சில் ஏப்ரல் 9ஆம் நாள் அவர் சரணடைந்தார். அடிமைத் தளை அறுந்தது. 1870இல் வர்ஜீனியாவில் பொதுப் பள்ளிகள் தோன்றின. கறுப்பருக்கும் பள்ளி வந்தது, ஆனால் தனிப் பள்ளியாக வந்தது. தனித்து வைத்தாலும் சமமாக நடத்தினால் குற்றமில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் ஒரு தீர்ப்பு அளித்தது. 1902இல் வர்ஜீனியா தன் அரசியல் சட்டத்திலேயே, இரு நிறத்துப் பிள்ளைகளும் ஒரு பள்ளியில் படிக்கக் கூடாது என்று எழுதி வைத்தது. தனித்து வைப்பது ஆண்டு தவறாமல் நடந்தது. சமமாக நடத்துவதோ, அது தீர்ப்புத் தாளிலேயே தங்கிவிட்டது.

எப்படித் தங்கிவிட்டது என்பதற்கு ஃபார்ம்வில் ஊரின் மோட்டன் உயர்நிலைப் பள்ளியே சான்று. இராபர்ட் மோட்டன் என்னும் கறுப்பர் இனக் கல்வியாளர், புக்கர் வாஷிங்டனுக்குப் பின் டஸ்கீஜி கல்வி நிலையத்தின் தலைவராக இருந்தவர். அவர் பெயரைத் தாங்கிய பள்ளி, 1939இல் கட்டப்பட்டது. 180 பேருக்கு என்று அளந்து கட்டினர். பத்தே ஆண்டுகளில் 450 பேருக்கு மேல் வந்துவிட்டனர். உடற்பயிற்சிக் கூடம் இல்லை. உணவுக் கூடம் இல்லை. அதே ஊரின் வெள்ளையர் உயர்நிலைப் பள்ளியிலோ இவை இரண்டும் இருந்தன.

கறுப்பரின் பெற்றோர் சங்கம் புதிய கட்டடம் கேட்டது. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த கல்விக் குழு, ஆகட்டும் பார்ப்போம் என்றது. ஒரு மாதம் அன்று, ஓராண்டு அன்று, தொடர்ந்து அதே விடை. இடையில், 1948இல், பள்ளி வளாகத்தில் மூன்று கொட்டகைகளை எழுப்பினர். மரச்சட்டம், அதன்மேல் தார் பூசிய அட்டை. கோழிப் பண்ணைக் கொட்டில் என்று ஊரார் ஏளனம் செய்தனர். மழைக்காலத்தில் ஒழுகும், மாணவர் வகுப்பிலே குடை பிடித்து அமர்ந்ததுண்டு. குளிர்காலத்தில் நடுவே ஓர் அடுப்பு எரியும்; அடுப்பருகே இருப்பவன் வியர்ப்பான், சுவரருகே இருப்பவன் மேலங்கியைக் கழற்றாமல் நடுங்குவான். இடம் போதாமல், நின்றிருந்த பேருந்துக்குள்ளும் பாடம் நடந்தது. அந்தப் பேருந்துகூட வெள்ளையர் பள்ளி பயன்படுத்திக் கழித்துக் கொடுத்ததுதான்.

இப்படிப் பயின்ற பிள்ளையையும், நூலகமும் சோதனைக் கூடமும் கண்ட பிள்ளையையும் ஒரே தேர்வில் அமர்த்தி, இவன் குறைந்தான் அவன் உயர்ந்தான் என்று எழுதுவார்களாம். அதற்கு அறிவியல் என்றும் பெயர் சூட்டுவார்களாம்!

பார்பரா ஜான்ஸ் அந்தப் பள்ளி மாணவி, வயது 16. ஊருக்கு வெளியே பண்ணையில் வாழ்ந்த குடும்பம். தம்பி தங்கைகளைக் காலையில் பள்ளிக்கு ஆயத்தப்படுத்துவது மூத்தவளான அவள் பொறுப்பு. ஒரு நாள் அவர்களைப் பேருந்தில் ஏற்றிவிட்டு, மறந்துவிட்ட உணவை எடுக்க வீட்டுக்கு ஓடினாள். திரும்புவதற்குள் வண்டி போய்விட்டது. சாலையிலே காத்து நின்றாள். வெள்ளை மாணவர்களின் பேருந்து, பாதிக்குமேல் காலி இருக்கைகளோடு, அவளைக் கடந்து சென்றது. பின்னாளில் அவரே எழுதி வைத்த செய்தி இது. அதற்கு முன்பே தன் மனக்குறையை இசை ஆசிரியையிடம் கூறியிருந்தாள். அந்த அம்மையார், நீயே ஏதாவது செய்தால் என்ன என்று கேட்டிருந்தார். பெரியவர்கள் இப்படிக் கேட்பது வழக்கம். பிள்ளைகள் அதை மெய்யாகவே எடுத்துக்கொள்வர் என்று அவர்கள் எதிர்பார்ப்பதில்லை.

பார்பரா மெய்யாகவே எடுத்துக்கொண்டாள். மாணவர் மன்றத் தலைவி கேரி ஸ்டோக்ஸ், அவள் உடன்பிறந்தவன் ஜான் ஸ்டோக்ஸ் போன்ற நம்பகமான சிலரைத் தனியே அழைத்தாள். பல திங்கள் இரகசியமாகத் திட்டமிட்டனர். பெற்றோருக்குத் தெரியாது, ஆசிரியருக்குத் தெரியாது.

1951 ஏப்ரல் 23. தலைமை ஆசிரியர் பாய்டு ஜோன்ஸ் அறையில் தொலைபேசி மணி அடித்தது. உங்கள் மாணவர் இருவர் பேருந்து நிலையத்தில் போலீசாரிடம் சிக்கிக்கொள்ளப் போகின்றனர், விரைந்து வருக என்று ஒரு குரல். அவர் ஓடினார். உடனே வகுப்பு வகுப்பாகச் சீட்டுச் சென்றது. அனைவரும் அரங்கத்துக்கு வருக என்று எழுதி, தலைமை ஆசிரியர் இடும் வழக்கப்படி 'ஜே' என்ற ஓரெழுத்துக் கையொப்பம். ஜோன்சுக்கும் ஜே; ஜான்சுக்கும் ஜேதானே! அரங்கம் நிறைந்தது. திரை விலகிற்று. தலைமை ஆசிரியர் நிற்க வேண்டிய இடத்தில் பதினாறு வயதுப் பெண் நின்றாள். ஆசிரியர்களை வெளியே போகுமாறு கேட்டுக்கொண்டாள். பிறகு மாணவர்களிடம் பேசினாள். புதிய பள்ளி கட்டும் வரை உள்ளே நுழைவதில்லை என்றாள். எல்லோரும் சேர்ந்து நின்றால் எவரும் தண்டிக்க இயலாது, ஃபார்ம்வில் சிறைச்சாலையில் நம் எல்லோரையும் அடைக்க இடமில்லை என்றாள். 450 பேரும் எழுந்து நடந்தனர்.

போராட்டம் இரண்டு வாரம் நீடித்தது. கல்வி அதிகாரியைக் கண்டனர், அவர் மசியவில்லை. மாணவர்கள் ரிச்மண்ட் நகரில் இருந்த ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் இராபின்சன் என்னும் கறுப்பர் இன வழக்கறிஞர் இருவருக்குக் கடிதம் எழுதினர். கறுப்பர் முன்னேற்றச் சங்கத்தின் வழக்குகளை நடத்தியவர்கள் அவர்கள். பள்ளிக்குத் திரும்புங்கள் என்று அறிவுரை கூறிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தனர். மாணவர்களின் உறுதியைக் கண்டதும் மனம் மாறினர். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தனர். ஒழுகாத கட்டடம் வேண்டும் என்று வழக்காட நாங்கள் வரமாட்டோம், தனித்து வைப்பதே தவறு என்று வழக்காடுவதானால் வருவோம், பெற்றோர் இசைவார்களா என்றனர். கேட்டது கட்டடம், இப்போது கேட்கச் சொன்னது சமத்துவம். பெற்றோரிடையே தயக்கம் இருந்தது, அச்சமும் இருந்தது. வெள்ளையரிடம் கடன் வாங்கிப் பயிர் செய்வோர்க்கு அச்சம் இராதா? பாதிரியார் பிரான்சிஸ் கிரிஃபின் தம் தேவாலயத்தில் கூட்டம் கூட்டினார், துணிவு ஊட்டினார். 1951 மே 23ஆம் நாள் வழக்குத் தொடுக்கப்பட்டது. வழக்கில் பெயர் கொடுத்த மாணவர் 117 பேர். முதலில் இருந்த பெயர் டாரதி டேவிஸ் என்னும் பதினான்கு வயதுச் சிறுமியுடையது.

விலை கொடுக்காமல் முடியுமா? பள்ளி வளாகத்தில் சிலுவை கொளுத்தப்பட்டது. தலைமை ஆசிரியர் வேலை இழந்தார், அவரைத்தான் ஏமாற்றி வெளியே அனுப்பியிருந்தனர் என்றாலும்! பார்பராவுக்கு ஆபத்து என்று அஞ்சிய பெற்றோர், அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் இருந்த பெரியப்பன் வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அவளை அனுப்பிவைத்தனர். அவர் அங்கே ஒரு தேவாலயத்தின் போதகர்; அவருக்குப் பின் அதே தேவாலயத்துக்கு வந்து சேர்ந்த இளைஞர்தான் மார்ட்டின் லூதர் கிங். ஜான்ஸ் குடும்பத்தின் வீடு 1955இல் எரிந்து போயிற்று.

வழக்கு, 1952 பிப்ரவரியில் ரிச்மண்ட் நகரில் நடந்தது. அங்கே நடந்த ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இரு தரப்பிலும் உளவியல் அறிஞர்கள் சாட்சிக் கூண்டேறினர். கறுப்பர் தரப்பில் வந்தவர் கென்னத் கிளார்க். தனித்து வைத்தல் பிள்ளையின் நெஞ்சில் தாழ்வை விதைக்கிறது என்று தம் ஆய்வைக் கூறினார். அரசு தரப்பில் வந்தவர் ஹென்றி காரெட். வர்ஜீனியாக்காரர், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உளவியல் துறைத் தலைவர். கிளார்க் அந்தப் பல்கலைக்கழகத்திலேதான் பயின்று பட்டம் பெற்றவர்! கட்டடமும் கருவியும் சமமாக இருந்தால் தனித்து வைப்பதால் தீங்கில்லை என்று காரெட் சாட்சியம் அளித்தார். பின்னாளில் அவர், கறுப்பருக்கு இயல்பிலேயே அறிவு குறைவு என்று நூல்களும் துண்டு வெளியீடுகளும் எழுதிப் பரப்பினார். சாட்சிக் கூண்டில் இருந்தபோது கட்டடத்தின் பின்னே ஒளிந்திருந்த கருத்து, பிறகு வெளியே தலைகாட்டிற்று. பட்டமும் பதவியும் உள்ளவர் கூறினால் அது அறிவியல் என்று நம்புவோர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நீதிபதிகள் மூவரும் ஒருமுகமாக அரசின் பக்கம் சாய்ந்தனர். இரு இனத்தாருக்கும் தீங்கு ஏதும் காணோம் என்று எழுதினர். கட்டடங்களை மட்டும் சமமாக்குக என்றனர். அதன்படி, எத்தனையோ ஆண்டு இல்லாதிருந்த பணம் எங்கிருந்தோ வந்தது! 8 இலட்சம் டாலருக்கு மேல் செலவிட்டுப் புதிய மோட்டன் பள்ளி 1953இல் எழுந்தது. மாணவர் முதலில் கேட்டது கிடைத்துவிட்டது. ஆயினும் அவர்கள் வழக்கை விடவில்லை. மற்ற நான்கு இடத்து வழக்குகளோடு அது உச்ச நீதிமன்றத்தில் சேர்க்கப்பட்டது. 1954 மே 17இல் வந்த பிரவுன் வழக்குத் தீர்ப்பை உலகம் அறியும். பொதுக் கல்வியில் தனித்து வைத்தலுக்கு இடமில்லை என்றது அது. அந்த ஐந்து வழக்குகளிலும் பெயர் கொடுத்தோரில் பெரும்பகுதியினர் ஃபார்ம்வில் மாணவரே. மாணவர் கிளர்ச்சியில் பிறந்த வழக்கும் அது ஒன்றுதான்.

வெற்றி! ஆனால், 1955இல் அதே மன்றம், தீர்ப்பை நிறைவேற்றும் வேகத்தைப் பற்றிக் கூறியபோது, நாள் குறிக்கவில்லை. ஆய்ந்து அமைந்து விரைக என்ற பொருள்பட ஒரு தொடரைப் போட்டு வைத்தது. ஆய்வதற்கும் அமைவதற்கும் தெற்கத்தி ஆட்சியாளர்க்கா நேரமில்லை? வர்ஜீனியாவின் பெருந்தலைவர் செனட்டர் ஹாரி பைர்டு, 1956இல் பேரெதிர்ப்பு என்று முழங்கினார். இரு நிறத்தாரையும் சேர்க்கும் பள்ளியை மூடிவிடச் சட்டம் செய்தனர். 1958இல் நார்ஃபோக் முதலிய ஊர்களில் பள்ளிகளை மூடியும் காட்டினர். 1959 ஜனவரி 19இல், மாநில நீதிமன்றமும் கூட்டரசு நீதிமன்றமும் ஒரே நாளில் அந்தச் சட்டத்தைத் தகர்த்தன. மற்ற ஊர்கள் பணிந்தன.

பிரின்ஸ் எட்வர்ட் பணியவில்லை. 1959 செப்டம்பரில் இரு நிறத்தாரையும் சேர்த்தே பள்ளி நடத்துக என்று மேல் முறையீட்டு மன்றம் ஆணையிட்டது. வட்டார ஆட்சிக் குழுவினர் கூடினர். பள்ளியை மூடுகிறோம் என்று தீர்மானம் போடவில்லை. அத்தனை எளியவர்களா அவர்கள்? பள்ளிக்குப் பணம் ஒதுக்குவதில்லை என்று தீர்மானித்தனர். வரி இல்லை, பணம் இல்லை, ஆகவே பள்ளி இல்லை. இருபதுக்கு மேற்பட்ட பள்ளிகள் பூட்டப்பட்டன. புதிதாகக் கட்டிய மோட்டன் பள்ளியும் அவற்றில் ஒன்று. உள்ளே பலகை, நாற்காலி, புத்தகம், வெளியே பூட்டு.

வெள்ளைப் பிள்ளைகள்? அவர்களுக்காகத் தனியார் கழகம் ஒன்று முன்பே ஆயத்தமாக இருந்தது. பூட்டிய பள்ளிகளின் வெள்ளை ஆசிரியர்களில் பெரும்பாலோர் அப்படியே அங்குச் சென்றனர். தேவாலயங்களிலும் பிற கட்டடங்களிலும் ஏறத்தாழ 1,500 பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்தது. முதலாண்டு நன்கொடை, அடுத்த ஆண்டு மாநிலமும் வட்டாரமும் உதவித்தொகை அளித்தன, நன்கொடை தருவோர்க்கு வரிச் சலுகை வேறு. பொதுப் பள்ளிக்கு இல்லாத பொதுப் பணம் தனியார் பள்ளிக்கு வழி தேடிக்கொண்டு போயிற்று! 1961இல் ஒரு கூட்டரசு நீதிபதி அதைத் தடுத்தார். அதன்பின் கட்டணம். கட்டணம் செலுத்த வழியற்ற ஏழை வெள்ளையரின் பிள்ளைகளும் வீட்டில் உட்கார்ந்தனர். நிறப் பெருமை அவர்களுக்கு நெல் மணியளவும் பயன்படவில்லை.

கறுப்புப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,700 பேர் தெருவில் நின்றனர். உங்களுக்கும் ஒரு தனியார் பள்ளி அமைத்துத் தருகிறோம் என்று வெள்ளையர் சிலர் முன்வந்தனர். விண்ணப்பம் வந்தது ஒன்றே ஒன்று. அதை ஏற்றால் தனித்து வைத்தலை ஏற்றதாகும் என்று பெற்றோர் மறுத்துவிட்டனர். அந்த மறுப்பை எண்ணும்போது எனக்கு இருவேறு உணர்ச்சி எழுகிறது. வீரம் என்று போற்றத் தோன்றுகிறது; அந்த வீரத்தின் விலையை ஏழு வயதுப் பிள்ளை கட்டிற்றே என்றும் தோன்றுகிறது. ஆயினும் குற்றக் கணக்கை எழுதும்போது, பூட்டியவன் பக்கத்தில் எழுத வேண்டியதை மறுத்தவன் பக்கத்தில் எழுதிவிடக் கூடாது.

வசதி உள்ளோர் வெளியூர் உறவினர் வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பினர். உயர்வகுப்பு மாணவர் சிலர் வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரிக்குச் சென்று படிப்பை முடித்தனர். குவேக்கர் சமயத் தொண்டர்கள் சிலரை வடமாநிலக் குடும்பங்களில் சேர்த்து வளர்த்தனர். கிரிஃபின் பாதிரியார் முதலியோர் தேவாலயங்களில் பயிற்சி நிலையங்கள் நடத்தினர். அவற்றைப் பள்ளி என்று அழைக்க மறுத்தனர், பள்ளி இருக்கிறதே என்று ஆட்சியாளர் கூறிவிடுவர் என்பதால். மற்றப் பிள்ளைகள் புகையிலை வயலுக்குப் போயினர். வயல் எந்த நிறத்தாரையும் மறுப்பதில்லை.

ஐந்தாண்டு என்றால் என்ன என்று எண்ணிப் பாருங்கள். ஆறு வயதில் எழுத்தறியத் தொடங்க வேண்டியவன் பதினொரு வயது வரை தொடங்கவில்லை. பதின்மூன்று வயதில் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையவிருந்தவள் பதினெட்டு வயதுப் பெண்ணாகிவிட்டாள். அவளுக்கு உயர்நிலைப் பள்ளி என்பதே இல்லாமற் போயிற்று.

1963 மார்ச்சில் இராபர்ட் கென்னடி, அன்று அவர் கூட்டரசின் தலைமை வழக்கறிஞர், கென்டக்கி மாநிலத்தில் பேசும்போது ஒரு பட்டியலை வாசித்தார். சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவை விட்டுவிட்டால், கட்டணமற்ற பொதுக் கல்வி இல்லாத இடங்கள் உலகில் இவைதாம் என்று கூறி, செஞ்சீனம், வட வியத்நாம், சரவாக், சிங்கப்பூர், பிரிட்டிஷ் ஹாண்டுராஸ் ஆகியவற்றை அடுக்கி, இறுதியாகப் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்ட்டி என்றார். வருத்தமும் ஏளனமும் கலந்த பட்டியல். அதில் நம்மவர் வாழும் சிங்கப்பூரும் இருந்ததைத் தமிழர் கவனிக்கலாம். அந்த ஊர் பின்னர் எவ்வாறு உயர்ந்தது என்பதையும் கவனிக்கலாம். கென்னடியின் துறை முயன்று, நன்கொடை திரட்டி, 1963 செப்டம்பரில் கட்டணமற்ற பள்ளிகளை ஓராண்டுக்குத் திறந்தது. நீல் சல்லிவன் என்பவர் நியூயார்க் பக்கத்திலிருந்து வந்து தலைமை தாங்கினார். 1,500 பிள்ளைகளுக்கு மேல் வந்தனர். வெள்ளைப் பிள்ளைகளில் நான்கைந்து பேர். வயதைக் கொண்டு வகுப்புப் பிரிக்க இயலவில்லை. வகுப்பு என்ற முறையையே விலக்கிவிட்டு, அவரவர் கற்ற அளவைக் கொண்டு குழுவாகப் பிரித்துக் கற்பித்தனர்.

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இராபர்ட் கிரீன் தலைமையில் ஒரு குழு வந்து இந்தப் பிள்ளைகளைச் சோதித்தது. ஒரே வட்டாரம், ஒரே நிறம், ஒரே வகைக் குடும்பம். அவர்களுள் எங்கோ சென்று சிறிதேனும் படித்தவர் ஒரு பக்கம். ஒன்றும் படிக்காதவர் ஒரு பக்கம். படிக்காதவர் மதிப்பெண் மிகத் தாழ்ந்திருந்தது. பாடத் தேர்வில் மட்டுமன்று. பிறவி அறிவை அளக்கும் என்று பறைசாற்றப்பட்ட நுண்ணறிவுத் தேர்விலும் தாழ்ந்திருந்தது! காரெட் போன்றோர் எந்த அளவுகோலை நம்பிப் பேசினரோ, அந்த அளவுகோல் அளந்தது பிறவியை அன்று, பள்ளியை என்று பூட்டிய பள்ளிகளே காட்டிவிட்டன.

1964 மே 25இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிரிஃபின் பாதிரியாரின் பிள்ளை பெயரில் அமைந்த வழக்கு. நீதிபதி பிளாக், காலம் தாழ்த்தியது போதும் என்று எழுதினார். வரி விதித்தேனும் பள்ளியைத் திறக்கச் செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றார். அந்தச் செப்டம்பரில் பொதுப் பள்ளிகள் திறந்தன. வந்தவர் ஏறத்தாழ அனைவரும் கறுப்பர். வெள்ளையரின் தனியார் கழகம் தொடர்ந்து நடந்தது. 1978இல் வரி விலக்கை இழந்தது. 1986இல்தான் கறுப்பு மாணவரைச் சேர்த்தது.

இது ஒரு வட்டாரத்துக் கதை. நாடு முழுதும் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1966இல் கோல்மன் என்னும் சமூகவியல் அறிஞர் 6 இலட்சம் மாணவரளவில் ஆராய்ந்து அறிக்கை தந்தார். பள்ளியின் கட்டடம், கருவியைக் காட்டிலும் குடும்பச் சூழல் மதிப்பெண்ணை மிகுதியும் தீர்மானிக்கிறது என்றது அறிக்கை. பள்ளியால் ஒன்றும் ஆகாது என்று சிலர் அதைத் திரித்துக்கொண்டனர். உடன் பயில்வோர் யார் என்பதும் ஏழைப் பிள்ளையின் தேர்ச்சியை மாற்றுகிறது என்று அதே அறிக்கை கூறிற்று. அந்தப் பக்கத்தை மட்டும் அவர்கள் விரைந்து புரட்டிவிட்டனர்.

நாட்டளவில் மாணவர் தேர்ச்சியை அளக்கும் சோதனை ஒன்று அங்கே 1969 முதல் நடைபெறுகிறது. பதினேழு வயது மாணவரின் படிப்புத் திறனில், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே 1971இல் 53 புள்ளி இடைவெளி இருந்தது. 1988இல் அது 20 புள்ளியாகச் சுருங்கிற்று. 1971இல் தேர்வெழுதியவர்கள் பிரவுன் தீர்ப்பு ஆண்டையொட்டிப் பிறந்தவர்கள். தாளில் இருந்த தீர்ப்பு தம் ஊருக்கு வருமா என்று பார்த்துக்கொண்டே பழைய பள்ளிகளில் தொடங்கியவர்கள். 1988இல் எழுதியவர்களோ, தென்னாட்டுப் பள்ளிகளின் கதவு திறந்த பின் படிக்கத் தொடங்கியவர்கள். பதினேழு ஆண்டில் ஓர் இனத்தின் மூளை மாறிவிடுமா? மாறியது பள்ளி, மாறியது வாழ்வு. எது எவ்வளவு உதவிற்று என்று அறிஞர்கள் இன்றும் வழக்காடுகின்றனர், வழக்காடட்டும். அதன்பின் இடைவெளி மீண்டும் விரிந்தது. 2012இல் 26 புள்ளி. 1974இல், நகரத்துக் கறுப்பர் பள்ளியையும் புறநகர் வெள்ளையர் பள்ளியையும் எல்லை தாண்டி இணைக்க இயலாது என்று டெட்ராய்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 1991 முதல் பழைய ஆணைகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்த வழி திறந்தது. பூட்டு இல்லை, எல்லைக் கோடு போதுமானதாக இருந்தது.

பார்பரா ஜான்ஸ் பிலடெல்பியாவில் நூலகராகப் பணியாற்றி 1991இல் மறைந்தார். பழைய மோட்டன் பள்ளி இப்போது அருங்காட்சியகம். வாஷிங்டன் நகரில், நாடாளுமன்றக் கட்டடத்துக்குள், வர்ஜீனியா 1909இல் நிறுத்திய தளபதி லீயின் சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது. அந்த இடத்துக்கு வர்ஜீனியா தெரிந்தெடுத்தது பார்பராவை.

வர்ஜீனியாவின் சட்டமன்றம் 2003இல் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று. அவ்வாண்டு ஜூனில், பூட்டப்பட்ட காலத்து மாணவர்க்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் சிறப்பு முறையில் வழங்கப்பட்டது. 2004இல் அவர்களுக்கென்று கல்வி உதவித்தொகைத் திட்டமும் வந்தது. விட்ட இடத்திலிருந்து படித்து உயர்நிலைப் பள்ளித் தேர்வு எழுதவும், விரும்பினால் கல்லூரி செல்லவும் பணம் கிடைக்கும். 1959 செப்டம்பரில் முதல் வகுப்பு வாசலில் நின்ற பிள்ளைக்கு அப்போது வயது 51.